கடலுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

மணல்துறையில் உலகம்மை கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சி இருபத்தொரு நாள் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தது. அதன் பிறகு ஒரு நாள் தவறாமல் அதே நேரத்துக்கு வந்தது. கரைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலையும் இரண்டு உடைமரங்களும் ஒரு கம்பிக் கதவும் இருந்தன. எதையும் இடிக்காமல், எதையும் நனைத்துப் பாழாக்காமல், கடல் அவற்றைத் தாண்டி வந்து, கணுக்கால் உயரத்துக்குக் கூடத்தில் நிறைந்து, முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, வந்த வழியே போயிற்று. போன பிறகு தரையில் ஈரம் இருக்காது. உட்கார்ந்திருந்தவர்களின் காலில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

முதல் வாரம் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் தன் வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. நாலு மணி பஸ் உடைமரத்தடியில் நின்று, கடல் சாலையைத் தாண்டும்வரை என்ஜினை அணைத்தது. கடல் எழுந்து போன முக்கால் மணி நேரமும் காய்ந்து கிடந்த கரையில் பெண்கள் மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மின்சார வேலை பார்க்கிறவர் வந்து கூடத்துப் பிளக்குகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்தார். அம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்து இதில் தீட்டு ஒன்றும் இல்லை என்றார். மாதா கோயில் சாமியார் வந்து பார்த்து, மற்ற வீடுகளுக்கும் ஒரு நாள் போய்வரலாமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பஞ்சாயத்தில் இதைக் குளம் என்று எழுதுவதா வீடு என்று எழுதுவதா என்று பேச்சு எழுந்து, வீடு என்றே முடிவாயிற்று.

உலகம்மை வீட்டார் சைவம். கடலுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. மீன்களையும் நண்டுகளையும், செருப்பைக் கழற்றி விடுவதுபோல, கம்பிக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வெறும் தண்ணீராகத்தான் உள்ளே வரும். அவை கதவுக்கு வெளியே ஒரு சின்னக் குட்டையில் சுற்றிச் சுற்றி வந்து காத்திருக்கும்.

ஏன் வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. உலகம்மை வீட்டுக்கு யார்தான் வரவில்லை, கடலும் வருகிறது என்றுதான் உறவுக்காரர்கள் நினைத்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவள் இருந்த இடத்தில்தான் மற்றவர்கள் போய் உட்கார்ந்தார்கள். இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கு ஐந்து வயது மூத்த அக்கா செண்பகவல்லி.

செண்பகவல்லி வாழ்ந்தது கடலிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உள்ளே, கரிசல் மண்ணில், கருங்காட்டூரில். அங்கே குழாயில் பதினொரு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அந்த நாளில் அவள் வீட்டிலுள்ள குடங்களும் வாளிகளும் அண்டாக்களும் குக்கர்களும், தூக்குச் சட்டியும், பூஜைச் சொம்பும்கூட நிறைந்து வரிசையாக நிற்கும், பத்தாம் நாள் அத்தனையும் வாய் பிளந்து கிடக்கும். இப்படி முப்பத்தொரு வருடம். இது ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான் என்பதால் அதற்காக அவள் அழுததில்லை. அவள் வருந்தியது, வருகிறவர்கள் தங்குவதில்லை என்பதற்கு. வந்த உறவுக்காரர்கள் தாகமில்லை என்றார்கள். கை கழுவும்போது சொம்பை விரல் நுனியால் சாய்த்தார்கள். சாப்பிட்ட இலையை மடக்கும்போதே சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அவளுடைய ஒரே மகன் நயினார் கோயம்புத்தூரில் வேலையாக இருந்தான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் மனைவியோடு அம்மா வீட்டில் அவன் கழித்த பொழுதைச் சேர்த்தால் நாலு பகல் வரும். சித்தி வீட்டுக்கு எல்லா விடுமுறைக்கும் போனான்.

ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாராவது தன் வீட்டுக்கு வந்து, கிளம்பும் நினைவே இல்லாமல் உட்கார வேண்டும். செண்பகவல்லிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தங்கை வீட்டுப் பால்காய்ச்சுக்கு அவள் போகவில்லை. முட்டுவலி என்று சொன்னாள். உண்மையில் உலகம்மை போனில் கூப்பிட்டிருந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் குங்குமம் வைத்து, நேரில் வந்து, வாசலில் நின்று அழைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜையும் விஜயதசமியும் ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டி மூன்று நாள் விடுமுறை வந்தபோது, செண்பகவல்லியின் கணவர் காந்திமதிநாதன், அதிகம் பேசாத மனுஷர், சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நயினாரும் அங்கதான் வாரானாம்" என்றார். அதனால் அவள் கிளம்பினாள்.

உலகம்மை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கா?"

"வழி தெரியாம என்ன. கூப்பிட்டாத்தானே வரணும்."

"கூப்பிட்டேன்லா. போன்ல ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"போன்ல கேஸ்காரனைக் கூப்பிடலாம்ட்டி. கூடப் பொறந்தவளை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணும்."

உலகம்மையின் கணவர் தானப்பன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பையை வாங்கிக்கொண்டு, "மதினி, அக்கா தங்கச்சி சண்டையை வாசல்லயே முடிச்சிருங்க, உள்ள தரை புதுசு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரும் மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். அதன் அருகில் போய் அதை மூடினாள். திரும்பி வந்தபோது வேறு யாரோ கை கழுவிவிட்டு மறுபடியும் ஒழுக விட்டிருந்தார்கள்.

நாலு மணிக்குக் கடல் வந்தது.

அவள் கேள்விப்பட்டிருந்தாள், ஆனாலும் பார்த்தது வேறு. முதலில் கதவுக்கடியில் ஒரு நூல்போல வந்தது. பிறகு சாய்வு நாற்காலியின் காலைச் சுற்றியது. பிறகு கூடம் முழுக்க மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு அமர்ந்தது. பூஜைக்காகப் புத்தகங்களும் அரிவாள்மனையும் தானப்பனின் ஸ்பானர்களும் பரப்பியிருந்த பலகைக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது. உலகம்மை குனிந்து தண்ணீரின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொட்டு கரையாமல் அப்படியே மிதந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். மீன் விற்கிற பிலோமினா, கூடையை வெளியே வைத்துவிட்டு, மாடிப்படியின் மூன்றாம் படியில் உட்கார்ந்து, நாளெல்லாம் நடந்த காலைக் கடலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெளிய வச்சு ஆளையே முழுங்கிரும்" என்றாள் பிலோமினா, கண்ணைத் திறக்காமல். "இங்க வந்தா மட்டும் மாப்பிள்ளை மாதிரி அடக்கமா இருக்கும்."

உலகம்மையின் காலைக் கடல் முதலில் தொட்டது. பிறகு நயினாரின் காலை, அவன் மனைவி அபிராமியின் காலை, காந்திமதிநாதனின் காலை. செண்பகவல்லி உட்கார்ந்திருந்த மூலையில் மட்டும் அதன் விளிம்பு ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் தரை கொஞ்சம் மேடு, கொத்தனார் மட்டம் பார்த்ததில் பிசகு என்று தானப்பன் சொன்னார். அவள் காலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நாமாகப் போய்த் தொடுவதற்கும் அதுவாக வந்து தொடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை முப்பத்தொரு வருடம் படித்திருந்தாள் அவள்.

மறுநாள் காலையில் துணி உலர்த்தப் போனபோது, பின்கட்டில் அபிராமி உலகம்மையிடம் பேசுவது கேட்டது.

"இங்க வந்தா ரெண்டு தடவை குளிக்கலாம் சின்னத்தை. அங்க போனா மூஞ்சி கழுவவே யோசனையா இருக்கும். அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா வாளியைப் பார்ப்பாங்க."

"அக்கா பாவம்ட்டி" என்றாள் உலகம்மை. "அவ ஊரு அப்படி."

வாளியைப் பார்ப்பாங்க என்பதைச் செண்பகவல்லியால் தாங்க முடிந்தது, ஏனென்றால் அது உண்மை. அக்கா பாவம் என்பதைத் தாங்க முடியவில்லை. அது இரக்கத்தோடு, மெய்யான பிரியத்தோடு சொல்லப்பட்டது. உலகம்மையிடம் எப்போதும் தாராளமாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு அங்கேயே நின்ற செண்பகவல்லிக்கு, தங்கைக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பரிசு, சுருட்டை முடி, அப்பாவின் மடி, துறைமுகத்து மாப்பிள்ளை, இப்போது தன் மகனும் மருமகளும். அவற்றுக்கெல்லாம் மேலே, யாரும் கேட்காமலேயே தினமும் நாலு மணிக்கு வந்து அவள் காலடியில் உட்காருகிற கடல். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. கடல் தானாகத்தான் வருகிறது. அதை முறையாக யாரும் அழைக்கவில்லை. உலகம்மை கூடப் பிறந்தவளையே போனில் கூப்பிட்டவள், கடலுக்கா தட்டு வைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் உண்ட களைப்பில் படுத்திருந்தபோது, அவள் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம், மஞ்சள், குங்குமம், கொஞ்சம் கற்கண்டு வைத்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் உடைமரத்தடியில், சாலையின் அந்தப் பக்கம், நின்றாள். கடல் மணலைத் தாண்டி வந்தது. அவளைக் கண்டு நின்றது.

"நான் உலகம்மைக்கு மூத்தவ, செண்பகவல்லி" என்றாள். தட்டை நீட்டினாள். "கருங்காட்டூர்ல, மேட்டுத் தெருவுல, வேப்பமரத்துக்கு எதுத்தாப்ல மஞ்சக் கதவு போட்ட வீடு. வர்ற வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல விசேஷம். முந்தின நாளே குடும்பத்தோட வந்திரணும். கூடமாட இருந்து நல்லபடியா நடத்திக் குடுக்கணும். வராம இருந்திராதீங்க."

இந்தச் சொற்களை அவள் தன் வாழ்நாளில் நூறு வாசலில் சொல்லியிருப்பாள். அவள் வாசலிலும் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். முந்தின நாள் வந்தவர் யாருமில்லை. குடும்பத்தோடு வரச்சொன்னால் ஒருவர் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார். இருந்து நடத்திக் கொடுப்பது என்றால் பந்தியில் உட்கார்ந்து எழுந்திருப்பது. இது சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். கடலுக்குத் தெரியாது. அதை அதுவரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. ஒரு சிற்றலை எழுந்து, தட்டிலிருந்த வெற்றிலையையும் பாக்கையும் குங்குமத்தையும் மரியாதையாக எடுத்துக்கொண்டது. பிறகு அவள் இரண்டு கால்களையும் நனைத்தது.

அழைத்ததை யாரிடமும் சொல்லாமல் அவள் ஊர் திரும்பினாள்.

வியாழக்கிழமை கருங்காட்டூரில் குழாய்த் தண்ணீர் வருகிற நாள். ஏழாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. பாய்களை வரிசையாக உதறுகிற மாதிரிச் சத்தம். கடல் நெடுஞ்சாலையில் இடது பக்கமாகவே, வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு, தொண்ணூறு கிலோமீட்டர் வந்திருந்தது. ஒவ்வொரு ஊரிலும் மேட்டுத் தெரு எங்கே என்று கேட்காமல் வேப்பமரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். குடும்பத்தோடு வந்திருந்தது. மீன்கள், இறால்கள், நண்டுகள், சங்குக்குள் இருக்கிறவை, பெயர் தெரியாத வழுவழுப்பானவை, அதன் காற்று, அதன் மணல், அதன் பறவைகள், இரண்டு கழிமுகங்கள், யாருடையதோ ஒரு சின்ன மீன்பிடி வள்ளம். மஞ்சள் கதவைத் தாண்டி எல்லாம் உள்ளே வந்தன. காந்திமதிநாதன் நிறைந்த குடங்களை ஒன்றொன்றாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலில் காலைத் தூக்கி உட்கார்ந்தார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

பூஜை அலமாரிக்குக் கீழே சூடை மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஆட்டுக்கல் குழியில் ஒரு நண்டு குடியேறியது. பிறந்ததிலிருந்து மீன் வாடையே ஏறாத வீட்டில் செண்பகவல்லி மூக்கைச் சுளிக்கவில்லை. குடும்பத்தோடு என்று சொன்னது அவள் வாய்தானே.

ஊர் முதலில் குடங்களோடு வந்தது. முன்னால் நின்ற பெண் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். பிறகு எல்லாரும் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்கள், வந்ததுதான் வந்தோம் என்று. அடுத்த நாளே அதற்கும் ஒழுங்கு வந்துவிட்டது. தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பெண்கள் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் காலை நனைத்தார்கள். மேட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பாத்தி கட்டி உப்பு எடுத்தார்கள். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு நீந்தின. தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்தவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்காக" என்றாள் செண்பகவல்லி. அவர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து, தென்காசியிலிருந்து, பத்து வருடம் எட்டிப் பார்க்காதவர்கள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். நயினாரும் அபிராமியும் வந்தார்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு. கட்டிலிலும் மாடிப்படியிலும் அரிசி மூட்டையின் மேலும் மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பேச்சும் சிரிப்புமாக. சாயங்கால பஸ்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அபிராமி கூடத்தில் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்று, "அத்தை, நீங்களும் வாங்களேன்" என்று கையை நீட்டினாள். செண்பகவல்லி இறங்கினாள். அவள் கண்ணிலிருந்து வந்ததும் கடல் தண்ணீரும் ஒரே ருசியாக இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. கடல் போகவில்லை. சனி, ஞாயிறு, திங்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் உலகம்மையின் பெயர் தெரியும்போதெல்லாம் அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்கு அடியில், மணல்துறையில் இப்போது நாலு மணிக்கு என்ன இருக்கும் என்ற எண்ணம் கிடந்தது. அதை அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் ஒரு வேன் தெருமுனையில் நின்றது. உலகம்மையும் பிலோமினாவும் இறங்கி, புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்கள். உலகம்மையின் கையில் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், ஒரு முழம் மல்லிகைப்பூ. அவள் இரண்டு நாள் தூங்காத முகத்தோடு இருந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

பேசியது பிலோமினாதான்.

"அம்மா, எங்க ஊர்ல கடலு இல்லம்மா. போட்டெல்லாம் சரிஞ்சு கெடக்கு. என் மவன் தெனம் போயி மணல்ல நடந்து நடந்து பாக்கான், எம்புட்டு தூரம் போனாலும் மணலு. உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் ஆயிரம் இருக்கும். அதுக்கு எங்க கடலை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"

மதுரைக்காரர்களும் தென்காசிக்காரர்களும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் உலகம்மையைப் பார்த்தாள்.

"நான் கூட்டிட்டு வரலை. முறையாக் கூப்பிட்டேன், வந்திருக்காக."

"அப்போ போகச் சொல்லுங்க."

"வீட்டுக்கு வந்தவங்களைப் போன்னு எப்படிச் சொல்லுவேன், பிலோமினா?"

பிலோமினா வீட்டிலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

உலகம்மை தட்டை முன்னால் நீட்டிக் கடலை அழைத்தாள். நல்ல சொற்களில், முழுதாக, ஒரு மிச்சமில்லாமல் அழைத்தாள். கடல் கேட்டுக்கொண்டது. வெற்றிலையை எடுத்துக்கொண்டது. ஆனால் கூடத்திலிருந்து ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

செண்பகவல்லிக்கு நெஞ்சு நிறைந்தது. தன் தங்கை அழைத்து, ஒன்று வராமல் போவதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அந்த நிறைவு நிற்கும்போதே பிலோமினா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டதையும் பார்த்தாள். கடலோடு வந்த வள்ளம் வாசல் சுவரோரம் கட்டிக் கிடந்தது. பிலோமினா அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அது அவள் மகனுடையது.

காந்திமதிநாதன் கட்டிலில் இருந்தபடியே பேசினார்.

"நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"எல்லாரும் கூப்பிடுறதுக்குத்தான்."

"விசேஷம்னு சொன்னியா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நடத்திக் குடுங்கன்னு சொன்னியா? அது நடத்திக் குடுக்கத்தான் உக்காந்திருக்கு. எட்டு நாளாச்சு. என்ன விசேஷம்னு ஒருத்தரும் அதுக்குச் சொல்லலை."

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அது பந்தி போடுமுன் வந்துவிட்ட சம்பந்திபோல, எதிலும் தலையிடாமல், பொறுமையாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

என்ன விசேஷம் என்று செண்பகவல்லி யோசித்தாள். அவள் விரும்பினால் யோசிக்காமலும் இருக்கலாம். விசேஷம் என்று ஒன்று இல்லாதவரை கடல் இருக்கும், கடல் இருக்கும்வரை வீடு நிறைந்திருக்கும், நயினாரின் சிரிப்பு மாடிப்படியில் கேட்கும். ஒன்றும் செய்யாமல் உள்ளே போய் இட்லிக்கு அரிசி நனைத்தால் போதும். அவள் உள்ளே போனாள். அரிசிப் பானையைத் திறந்தாள். திறந்தபடியே வெகுநேரம் நின்றாள். வெளியே பிலோமினா யாரிடமோ, என் மவன் ராத்திரியானா காதைப் பொத்திக்கிட்டுப் படுக்கான், உள்ள அலை மாதிரி கேக்குதாம், கடல் சத்தம் இல்லாம அவனுக்குத் தூக்கம் வரலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பானையை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"இந்த வீடு மாமனார் காலத்து வீடு. நான் வந்தப்ப ஏற்கெனவே பழசு. எனக்குன்னு இதுல பால் காய்ச்சலை" என்றாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. காய்ச்சிருவோம்." பிறகு, உலகம்மையின் முகத்தைப் பார்க்காமல், "நீயும் முந்தின நாளே வந்துட்டே. வாசல்ல நிக்காதே. உள்ள வா" என்றாள்.

விடிகிற நேரத்துக்கு, கூடத்தின் நடுவில் கடல் வட்டமாக விலகி, மூன்று செங்கல் வைக்கிற அளவுக்குத் தரையைக் காட்டியது. உலகம்மை கோலம் போட்டாள். பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டினாள். அடுப்பு பற்றாமல் புகைந்தபோது கடல் தன் காற்றை ஒரு மூச்சு மட்டும் அனுப்பியது. மாடியிலிருந்து கடைசிக் குடம் நல்ல தண்ணீர் இறங்கி வந்தது, காப்பிக்கு. பால் கொதித்துக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவை இட்டார்கள். கடலும் குலவை இட்டது. அது தெருவெல்லாம் கேட்டது, ஊரெல்லாம் கேட்டது, கரிசல் காட்டில் களை எடுக்கப் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பத்தொரு வருடம் கழித்து அந்த வீடு செண்பகவல்லியின் வீடு ஆயிற்று.

பந்தி முடிந்தது. தாம்பூலப் பை கொடுக்க அவள் வாசலில் நின்றாள். மதுரைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், போயிட்டு வாரோம் என்றார்கள். தென்காசிக்காரர்கள் சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். நயினார் காலில் விழுந்து எழுந்து, "தீபாவளிக்குப் பாப்போம்மா" என்றான். அவள், "சரிப்பா" என்றாள். பிலோமினா ஆட்டுக்கல் குழிக்குள் கையை விட்டு நண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடல் தன் பிள்ளைகளை எல்லாம் திரட்டிக்கொண்டு, வள்ளத்தையும் எடுத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றது. அவள் அதற்கும் ஒரு பை கொடுத்தாள், தேங்காய் வைத்து.

"போயிட்டு வாங்க" என்றாள்.

கடைசியாக உலகம்மை நின்றாள். வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு, வெறுமையாகிவிட்ட கூடத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கடல் உட்கார்ந்த கோடு வெள்ளையாக ஓடியது.

"எங்க வீட்டுப் பால்காய்ச்சுக்கு இவ்வளவு பேர் வரலைக்கா" என்றாள். "கடலு குலவை போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது. எங்க வீட்டுல ஒரு சத்தம் காட்டாது. முக்கா மணி நேரம். அவ்வளவுதான். எழுந்து போயிரும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலின் அடியில் இருந்த பொறாமையைச் செண்பகவல்லி உடனே தெரிந்துகொண்டாள், திருவிழாக் கூட்டத்தில் தன் பிள்ளையின் அழுகையைத் தெரிந்துகொள்கிற மாதிரி. அவளே பெற்று, அவளே வளர்த்தது அது. அதன் ஒவ்வொரு வயதும் அவளுக்குத் தெரியும். தங்கையின் கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு நிழல் விழுந்திருப்பதையும் கண்டாள். ஒரு வார்த்தை சொல்லி அதைத் துடைத்துவிடலாம். எல்லாம் உன்னால வந்த கூட்டம்தாம்ட்டி என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. சொல்லவில்லை. பையின் காதைத் தங்கையின் விரல்களில் மாட்டி, விரல்களை மடக்கி மூடினாள்.

"பார்த்துப் போ."

வேன் போயிற்று. கடல் அதன் பின்னாலேயே, சாலையின் இடது பக்கமாக, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. தெரு காய்ந்தது. குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் குடத்தை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

செண்பகவல்லி உள்ளே வந்து கூடத்தைப் பெருக்கினாள். உப்பு ஒரு முறம் தேறியது. அதைக் கொட்டிவிட்டு வந்து, நடுக்கூடத்தில் நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே எந்நேரமும் கூடவே இருந்த ஒன்று வீட்டில் இல்லை. அது இல்லாமல் எங்கே உட்காருவது, எதை நினைத்துக்கொண்டு வேலை பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன தேடுத?" என்றார் காந்திமதிநாதன்.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த அறைக்குப் போய்த் தேடினாள்.